நாற்பத்திரண்டாவது புளியங்கொட்டை

போன மாதம் வெள்ளவத்தைக் கல்யாண வீட்டில் நாம் ஆறு பேர் ஒரே மேசையில் அகப்பட்டுக்கொண்டோம். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதம். பேச்சு எங்கெங்கோ போய், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகிய அரிவரி வகுப்பில் நாம் எத்தனை பேர் இருந்தோம் என்ற இடத்தில் வந்து நின்றது. நாற்பத்தொன்று என்றீர்கள் நீங்கள் ஐந்து பேரும். உங்களில் ஒருத்தி வீட்டுச் சுவரில், வருட முடிவில் எடுத்த வகுப்புப் படம் தொங்குகிறது. அவள் விரல் வைத்து எண்ணியிருக்கிறாள். நான் நாற்பத்திரண்டு என்றேன்.

"ஆஸ்பத்திரியில எண்ணி எண்ணி உனக்குக் கண் ரெண்டாத் தெரியுது" என்றாள் படத்துக்காரி. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குள் மேளம் கேட்டது, எழுந்து போய்விட்டோம்.

நான் ஆய்வுகூடத்தில் இரத்தத் துளியைக் கண்ணாடியில் வைத்து அணுக்களை எண்ணுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை எண்ணு, இரண்டும் ஒவ்வாவிட்டால் கண்ணாடியை மறுபடி பார், எண்ணியவரைக் குறை சொல்லாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் பாடம். நமக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் அந்த வகுப்பறை இப்போது இல்லை. உலக யுத்த காலத்தில் அதை இடித்துவிட்டார்கள். ஆகவே மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

முதலில் அறை. அது முன்பு குதிரை லாயமாக இருந்தது. வெள்ளை அடித்த பிறகும் மழை நாட்களில் பழைய வைக்கோல் வாசம் சுவரிலிருந்து வரும். மேற்குப் பக்கம் ஒரே ஒரு யன்னல். துறைமுகத்திலிருந்து காற்று வீசினால் நிலக்கரித் தூள் அதன் விளிம்பில் படியும். அதைத் துடைப்பதற்கு ஒரு பிள்ளை இருந்தாள். தரையில் ஆறு வரிசையாகப் பன்பாய். ஒவ்வொருவர் முன்னாலும் மணல் பரப்பிய பலகை. ரீச்சருக்கு ஒரு மேசை, அதன்மேல் பித்தளைக் கைமணி, மைக்கூடு, பச்சைத் துணி அட்டை போட்ட, எங்கள் பேர்கள் எழுதிய வரவு இடாப்பு.

ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பயிற்சிக் கலாசாலையை முடித்து அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்தார். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவதாகப் பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய ரீச்சர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் துரையும் வர இருந்தார். இவற்றையெல்லாம் நான் பின்னால் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது அவருடைய செருப்பின் சத்தமும், சாம்பல் நிறக் கரை வைத்த சேலையும், எவ்வளவு சொன்னாலும் உயராத குரலும்தான். கணக்குப் பார்த்தால் அப்போது அவருக்கு இன்றைய என் வயதை விடக் குறைவு.

விதிகளை அவர் சுவரில் எழுதவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுதி என்ன பயன். அவர் காதைத் தொட்டால் நாம் கேட்க வேண்டும். மடியைத் தட்டினால் கைகள் மடிக்குப் போக வேண்டும். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கதைக்கக் கூடாது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இடத்தை விட்டு எழும்பக் கூடாது. கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது. மற்றப் பிள்ளையைப் பற்றிக் கோள் மூட்டக் கூடாது. பேர் கூப்பிட்டால் மட்டும் எழுந்து "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். முதல் வாரம் முழுக்க இதைத்தான் படித்தோம். அகரம் அதற்குப் பிறகு.

காது கொடுத்துக் கேட்பதற்கென்று அவரிடம் ஒரு பயிற்சி இருந்தது. கண்ணை மூடச் சொல்வார். மணி அடித்ததும், வெளியே கேட்ட சத்தம் ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. டிராம் வளைவில் திரும்பும் கிறீச்சிடல், கப்பலின் ஊதல், கோயில் மணி எல்லாம் முதல் ஐந்து பேருக்குள் தீர்ந்துவிடும். பிறகு திண்டாட்டம். கடைசி வரிசையில் யன்னலோரம் இருந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் சத்தம் தீர்ந்ததில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு நாள் பிந்தி, ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்து சேர்ந்தவள்.

"குருத தண்ணி குடிக்குது" என்றாள் ஒரு நாள்.

ரீச்சர் யன்னலால் எட்டிப் பார்த்தார். தெருத் தொட்டியில் உண்மையாகவே ஒரு வண்டிக் குதிரை வாய் வைத்திருந்தது.

"குருத இல்லை, குதிரை. எண்டாலும் காது எண்டா இந்தப் பிள்ளையின்ர காதுதான்" என்றார் ரீச்சர். "எல்லாரும் இவவைப் போல இருக்கப் பழகுங்கோ." அவர் நம் எவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இடாப்பு வாசிக்கும்போது மட்டுமே பேர். மற்ற நேரம் முன்வரிசைப் பிள்ளை, ரிப்பன் பிள்ளை, யன்னலோரப் பிள்ளை.

இனிப் பொறுப்புகள். தண்ணீர்ப் பானையின் மூடி ஒருத்திக்கு, மணலைச் சமன் செய்யும் மட்டப்பலகை ஒருவனுக்கு, பாய் சுருட்டுவது இருவருக்கு. எனக்குக் கிடைத்தது பேணி. சீமை பிஸ்கற் வந்த சிவப்புத் தகரப் பேணி, மூடியில் நாய்க்குட்டி படம், ஒரு மூலையில் நசுங்கல். வாசலில் ஒரு கூடை நிறையப் புளியங்கொட்டை இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றை எடுத்துப் பேணிக்குள் போட வேண்டும். மணி அடித்ததும் நான் கொட்டி எண்ணி, எத்தனை என்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்த அப்பா, பத்துப் பத்தாகக் குவிக்க எனக்குப் பழக்கியிருந்தார். நாலு குவியலும் இரண்டும் என்றால் நாற்பத்திரண்டு. அந்த வயதில் வீட்டிலும் வெளியிலும் என்னிடம் யாரும் வேறெதையும் கேட்டதில்லை. அந்தப் பேணிக்காகவே நான் காய்ச்சலை மறைத்துக்கொண்டும் பள்ளிக்கூடம் போனேன்.

நான் சொன்ன பிறகு ரீச்சர் இடாப்பைத் திறப்பார். தலை குனிந்தபடி ஒரு பேர் சொல்வார், "ஓம் ரீச்சர்" கேட்டதும் ஒரு கோடு. அவர் நிமிர்வதில்லை, அவருக்குக் காதே போதும். இடையில் ஒரு பேர் வரும். அதை மட்டும் இரண்டு தடவை கூப்பிடுவார். பதில் வராது. ஒரு சைபர் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவார்.

"நாப்பத்தொண்டு" என்பார் முடிவில். "நீ எத்தனை சொன்னனி?"

"நாப்பத்திரண்டு, ரீச்சர்."

"திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினாலும் நாற்பத்திரண்டு. மழை நாளில் ஏழு பேர் வராவிட்டால் அவருக்கு முப்பத்துநாலு, எனக்கு முப்பத்தைந்து. எப்போதும் எனக்கு ஒன்று கூட. முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார். பத்தாவது நாள் பேணியை என் மடியிலிருந்து எடுத்தார்.

"பொறுப்பு எண்டா விளையாட்டில்லை. ரெண்டு ரெண்டாப் போடுற பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டியதும் உன்ர வேலைதானே?"

பேணி, பிரக்கராசியாரின் மகளுக்குப் போயிற்று. அவளுடைய அப்பா கறுப்புக் கோட்டுப் போட்டு நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். அவள் வெள்ளைச் சப்பாத்தும் பை வைத்த கவுணும் போட்டு வருவாள்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள், இடாப்புத் திறக்குமுன் எழுந்து, வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினேன். எண்ணெய் வைத்த தலை, மொட்டை அடித்த தலை, ஈரத் தலை. என் தலையையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

"நாப்பத்திரண்டு தலை இருக்கு, ரீச்சர்!"

"தலையைத் தொட்டு எண்ணிறதுக்கு இதென்ன ஆட்டுப்பட்டியே?"

வகுப்பு சிரித்தது. உங்களில் நாலு பேராவது சிரித்தீர்கள்; அதையும் குறித்து வைத்திருக்கிறேன். கேளாமல் கதைத்தது, இடத்தை விட்டு எழுந்தது, மற்றவர் மேல் கை வைத்தது: மூன்று பிழை. ரீச்சரின் மேசைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்தபடி முழங்காலில் நிற்கச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த எனக்குப் பின்வரிசைகள் அதுவரை வெறும் குரல்களாக மட்டுமே இருந்தன. திரும்பக் கூடாது என்பது விதி. அன்றுதான் முதல் தடவையாக எல்லா முகங்களையும் ஒரே பார்வையில் கண்டேன். ரீச்சர் குனிந்து வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. பதில் வராத பேர் வந்தது. முதல் தடவை, இரண்டாம் தடவை. ஒருவரும் எழவில்லை. கடைசிப் பேரும் முடிந்தது. எழாமலே இருந்த பிள்ளை ஒருத்திதான்: யன்னலோரப் பிள்ளை. கைகள் மடியில், கண் ரீச்சரின் வாயில், கழுத்துச் சற்று முன்னால் நீண்டிருந்தது.

எழாத பிள்ளை ஒன்று, ஆளில்லாத பேர் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்து வயது போதும்.

இடைவேளையில் தண்ணீர்ப் பானையடியில் அவளைப் பிடித்தேன்.

"நீ ஏன் எழும்பேல்லை?"

"எதுக்கு எந்திரிக்கணும்?"

"பேர் கூப்பிட்டா எழும்ப வேணுமெல்லோ."

"என்னையத்தான் கூப்பிடலையே. நான் பிந்தி வந்தவதானே, கடைசியாக் கூப்பிடுவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். மணி அடிச்சிருது."

"உன்ர பேர் என்ன?"

சொன்னாள். வீட்டில் குழந்தையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற ஒரு சொல். அந்தப் பேர் இடாப்பில் இல்லை.

"ரெண்டு தரம் கூப்பிடுறாவே, அதுதான் உன்ர பேர் போல."

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "ச்சீ, அது கெழவிங்க பேரு. அந்தப் புள்ளைக்குக் காச்சலாயிருக்கும். பாவம், நெதமும் வரலை."

இதை நான் உடனே ரீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது, கோள் மூட்டக் கூடாது. முழங்கால் இன்னும் எரிந்தது. இவை நான் வெளியே சொல்லத்தக்க காரணங்கள். இன்னொன்றும் உண்டு. ரீச்சர் தாமாக என்னிடம் வந்து, "எப்படி உனக்கு ஒண்டு கூட வந்தது?" என்று கேட்க வேண்டும், நான் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். யன்னலோரப் பிள்ளை தன் பேருக்காகக் காத்திருந்தாள். ஏழு நாள் இருவரும் காத்திருந்தோம்.

ரீச்சர் என்னைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. பிரக்கராசியாரின் மகளுடைய கணக்கு இரண்டாம் நாளிலிருந்தே இடாப்போடு ஒத்துப்போனது. அவள் எண்ணுமுன் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கவுண் பைக்குள் போட்டுக்கொள்வதை நான் கண்டேன்.

"ஏன் எடுக்கிறாய்?"

"ரீச்சருக்கு நாப்பத்தொண்டுதான் விருப்பம்" என்றாள் அவள். பொய் சொல்கிற முகம் இல்லை. கேட்டதைச் செய்கிற முகம்.

மாத முடிவு வெள்ளிக்கிழமை பெரிய ரீச்சர் வந்தார். அவர் வந்தால் எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இடாப்பின் மேல் அவருடைய விரல் ஓடி நின்றது.

"இதென்ன, ஒரு பேருக்கு நேரே முழுக்கச் சைபர்?"

"ஒரு நாளும் வரேல்லை. நானும் நெடுகக் கூப்பிடுறன்" என்றார் ரீச்சர்.

"மாசம் முழுக்க வராட்டிப் பேரை வெட்ட வேணும், தெரியுந்தானே? இன்ஸ்பெக்டர் இதைத்தான் முதல் பார்ப்பார். வெட்டிப்போட்டு வீட்டுக்கு ஒரு கார்ட் போடுங்கோ. இனி வேணுமெண்டா வாற வருஷம் வரட்டும்."

சிவப்பு மையில் ஒரு கோடு. பேனா காகிதத்தில் கீறும் சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. யன்னலோரப் பிள்ளைக்கும் கேட்டிருக்கும். திருட்டுத்தனமாகத் திரும்பினேன்: ஐந்து பாய்களுக்கு அப்பால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைத் தோள் வரை உயர்த்தினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இறக்கினேன்.

திங்கட்கிழமை யன்னலோரம் வெறுமையாக இருந்தது. பிரக்கராசியாரின் மகள் வழக்கம்போல ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு எண்ணினாள். "நாப்பது" என்றாள். இடாப்பில் நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு "ஓம் ரீச்சர்".

"என்ன இது? வெள்ளிக்கிழமை வரை சரியா வந்ததெல்லோ?" செவ்வாயும் நாற்பது. ரீச்சர் பேணியைக் கவிழ்த்துத் தட்டினார். அவள் அழத் தொடங்கினாள். ரீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார், "ஆருக்காவது தெரியுமோ?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது. நான் கை உயர்த்தினேன். அருகே கூப்பிட்டார். போய், முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன்: கவுண் பை, முழங்காலில் நின்றபோது கண்டது, எழாத பிள்ளை ஒன்று, ஆளில்லாத பேர் ஒன்று, தண்ணீர்ப் பானையடியில் அவள் சொன்னது.

ரீச்சர் இடையில் மறிக்கவில்லை. அவரைப் போல் கேட்கத் தெரிந்தவரை நான் பிறகு கண்டதில்லை. முடிந்ததும் யன்னலைப் பார்த்தார். பிறகு இடாப்பைத் திறந்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"வேற ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை, ரீச்சர்."

"சரி. போய் உன்ர இடத்தில இரு."

மத்தியானம் பாய்களைச் சுருட்டும்போது, முற்றத்துக்கு அப்பால் பெரிய ரீச்சரின் அறை வாசலில் அவர் நிற்பதைக் கண்டேன். அந்த அறைக்கு அரைக்கதவு. அதன் மேல் கை வைத்தார், எடுத்தார், சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், மறுபடி கை வைத்தார். உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் வந்தபோது பேணி என் பாயின் மேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

அந்த வார முடிவில் அம்மாவோடு சந்தைக்குப் போனபோது, நீர்கொழும்பு வீதிப் பஸ் நிற்கும் இடத்தில் யன்னலோரப் பிள்ளையின் அத்தையைக் கண்டோம். நாள்தோறும் அவளைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவந்து விடுகிறவர். அம்மாவோடு வாசலில் கதைத்துப் பழக்கம். கையில் துணிமூட்டை.

"எங்க பயணம்?" என்றார் அம்மா.

"வத்தளைக்குங்கக்கா. சின்னம்மா வீட்டுக்கு. இனிமே அங்கதான்." அவர் கண் சிவந்திருந்தது. "பள்ளிக்கூடத்துலருந்து காயிதம் வந்துச்சு. புள்ள ஒரு நாளுகூட வரலைன்னு. அண்ணன் என்னைய நிக்க வச்சுக் கேக்குது, தெனமும் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போனே, யாரைப் பாக்கப் போனேன்னு."

"ஐயோ! நீர் கொண்டுவந்து விட்டதை நான் கண்ணால கண்டனானே."

"நானும் சத்தியம் பண்ணினேன். புள்ளையும் அழுதுச்சு, போனேன் போனேன்னு. இங்கிலீசுல அச்சடிச்ச காயிதம் பொய் சொல்லுமான்னு கேக்குது. அம்மா பேரை வச்ச புள்ளையை இப்பிடிப் பண்ணிட்டியேன்னு..."

"அம்மா பேரோ?"

"செத்துப்போன எங்கம்மா பேருக்கா. அண்ணிக்கு மாமியா பேரு, அவங்க வாயால சொல்லக் கூடாது. பெத்தவ பேரை நாங்களும் சொல்றதில்ல. பேர் பதியறப்ப அண்ணன் எழுதிக் குடுத்ததுதான். வீட்டுல அந்தப் பேரை யாரு கூப்பிட்டா?"

நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, அது ரீச்சருக்குத் தெரியும்."

"பெரியாக்கள் கதைக்கேக்க வாய் திறக்கிறேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

பஸ் வந்தது. அத்தை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். வழியில் அம்மா, "மற்றவையின்ர வீட்டு விஷயம், நாங்கள் தலைபோடக் கூடாது" என்றார். என்னிடம் சொன்னதா, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதா, தெரியாது. அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் வரவில்லை.

ரீச்சர் நிரந்தரமாக்கப்பட்டார். இன்ஸ்பெக்டர் துரை இடாப்பைப் பார்த்துத் திருப்தி என்று எழுதினாராம். பேணிக்கும் இடாப்புக்கும் அதன் பிறகு ஒரு நாளும் வித்தியாசம் வரவில்லை. பேணி என்னோடு வருட முடிவு வரை இருந்தது. பிறகு எங்கே போயிற்றோ.

ஆனால் ஒன்றை நீங்கள் எவரும் கல்யாண வீட்டில் சொல்லவில்லை. முன்வரிசையில் இல்லாததால் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அந்தப் புதன்கிழமையிலிருந்து ரீச்சர் குனிந்தபடி பேர் வாசிக்கவில்லை. ஒரு பேரைச் சொல்வார், நிமிர்வார், எழுந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், பிறகு குனிந்து கோடு போடுவார். இடாப்பு வாசிக்க முன்னையதைவிட இரட்டிப்பு நேரம் ஆனது, அகரம் பிந்தியது. நாற்பத்தோராவது கோட்டையும் போட்டபின் மறுபடி நிமிர்ந்து, ஒரு பேரை இரண்டு தடவை கூப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் யன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் இடாப்பை மூடுவார்.

படத்தில் நாற்பத்தொரு பேர். நாம் நாற்பத்திரண்டு.